சுற்றும் கை

திரையில் ஒரு மேடை. ஒலியை அணைத்துவிட்டேன். பரிசு வாங்கப்போகிறவர் அதிகம் பேசாதவர். அவரை அவர் இருக்கும் நிசப்தத்திலேயே பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

2025 டிசம்பர் 9. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஒரு பள்ளி மண்டபம். அந்த ஊர்க்காரரான மாயவித்தைக் கலைஞர் ஸ்டீவன் ஃபிரேன் பெயரை அறிவிக்கிறார். நெனா கலு. பிரிட்டனின் சமகாலக் கலைக்கான டர்னர் பரிசு 1984-இல் தொடங்கியதிலிருந்து அறிவுசார் மாற்றுத்திறனுள்ள ஒருவர் அதை வென்றதில்லை. இவர்தான் முதல்.

கலுவின் மார்பில் ஒரு ரிப்பன் பூ. நடுவில் அவருடைய புகைப்படமேதான். சுற்றிலும் எழுத்துகள்: ஆதர்சம், சகாப்தம், வென்றவர், என்னவோ ஒன்று. முடிவு தெரியுமுன்பே யாரோ ஆசையாகச் செய்து குத்திவிட்ட பூவாகத்தான் இருக்க வேண்டும். தோற்றிருந்தாலும் அந்த வார்த்தைகளை யாரும் கழற்றச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பக்கத்தில் ஷார்லட் ஹாலின்ஸ்ஹெட். ‘ஆக்‌ஷன்ஸ்பேஸ்’ என்ற அமைப்பின் வழியே 1999-லிருந்து கலுவுக்குத் துணையாக இருக்கும் கலைஞர். உதடுகள் அசைகின்றன. அவர் சொன்னதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: தாங்கள் தொடங்கிய காலத்தில் கலை உலகம் கலுவைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் படைப்புக்கு மதிப்பே இருக்கவில்லை, பாகுபாடு இன்றும் தொடர்கிறது. இருபத்தாறு வருடம் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் நின்றவரின் பேச்சு அது.

ஆனால் என் கண் கலுவின் கைகளைத்தான் தேடுகிறது. 1966-இல் கிளாஸ்கோவில், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பரிசு வாங்கும்போது வயது ஐம்பத்தொன்பது. மேடையில் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. அவற்றை வேலை செய்யும் இடத்தில் பார்க்க வேண்டும்.

லண்டனில் ஸ்டுடியோ. டிஸ்கோ பாட்டு பெரிதாக ஓட, அவர் சுற்றிக்கொண்டிருப்பார். துணிக் கீற்று, கயிறு, பார்சல் ஒட்டுநாடா, கண்ணாடிக் காகிதம். வீடியோ கேசட்டுக்குள்ளிருந்து உருவிய கறுப்பு நாடாவும் உண்டு. நம் பக்கம் வயலில் கிளி விரட்ட இழுத்துக் கட்டுவோமே, அதே நாடா. ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, முடிந்து, இறுக்கி, மறுபடி சுற்றுகிறார். உருவம் பருத்துக்கொண்டே போகிறது. எங்கே போதும் என்று நிறுத்த வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். வேறு யாரும் சொல்ல முடியாது.

அப்படிப் பிறந்த பத்து உருவங்கள் 2024-இல் பார்சிலோனா அருகே, மூடிக்கிடந்த ஓர் அனல்மின் நிலையத்துக்குள் தொங்கின. மூன்று புகைபோக்கிகள் என்று அந்த இடத்துக்குப் பெயர். சாம்பல் நிறக் கான்கிரீட்டுக்கு நடுவே மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக. தூக்கணாங்குருவிக் கூடு என்று முதலில் நினைத்தேன். கூட்டுக்கு ஒரு வாசல் உண்டு. இவற்றுக்கு வாசல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், சுற்றியதுதான் இருக்கிறது.

பரிசுக்கான கண்காட்சி நடந்த இடம் பிராட்ஃபோர்டின் கார்ட்ரைட் ஹால். 1904-இல் திறந்த கட்டடம். விசைத்தறியைக் கண்டுபிடித்த எட்மண்ட் கார்ட்ரைட்டின் பெயர் தாங்கி நிற்கிறது. கட்ட உதவியவர் பட்டும் வெல்வெட்டும் நெய்த மானிங்ஹம் ஆலையின் முதலாளி. மனிதக் கையை நூலிலிருந்து விலக்கிய ஒருவரின் பெயர் சொல்லும் மண்டபத்துக்குள், இழை இழையாகக் கையால் மட்டுமே சுற்றிய பொருட்கள் தொங்கின. இதை யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். எனக்கு அந்தப் பொருத்தம் மனதை விட்டு அகலவில்லை.

ரெனே மாட்டிச், முகமது சமி, ஜேடி ஷா ஆகிய மூவரும் இறுதிச் சுற்றில் இருந்தார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு. கலுவுக்கு 25,000.

பரிசு படைப்புக்கா, படைத்தவரின் நிலைக்கா என்று பேச்சு எழுந்தது. நடுவர் குழு படைப்பின் வலிமையைத்தான் காரணமாகச் சொன்னது. அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. இன்றைய கலைக்கூடங்களில் ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் ஒரு விளக்க அட்டை ஒட்டியிருக்கிறது. நாம் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் நிமிர்கிறோம். கலு தன் படைப்பை விளக்குவதில்லை. பார்க்க வந்தவரிடம் மிஞ்சுவது கண் மட்டும். அந்தக் கண்ணுக்கு ஈடு கொடுத்து ஓர் உருவம் தாங்கி நிற்கிறதா என்பதுதான் சோதனை. சுற்றிக் கட்டியவை தாங்குகின்றன. ஓவியங்கள் அதைவிடவும்.

ஓவியங்களைச் சொல்லியாக வேண்டும். தோள் உயரத்துக்குப் பெரிய தாள். பென்சிலும் பேனாவும் ஒரு சுழியில் தொடங்கி, வெளியே விரிந்து, திரும்ப உள்ளே இழுக்கின்றன. கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் தலை லேசாகச் சுற்றுகிறது. கோடுகள் எண்ண முடியாதவை, ஆனால் எதுவும் கிறுக்கல் இல்லை. அது எப்படித் தெரியும் என்றால், கலு ஒன்றோடு நிறுத்துவதில்லை. இணையாக வரைகிறார், சில சமயம் மூன்றாக. முதல் தாளில் கை எந்த வேகத்தில் எங்கே வளைந்ததோ, அதே வளைவு அடுத்ததில் வருகிறது. எங்கே தயங்கியதோ, அங்கே மறுபடி ஒரு தயக்கம். அச்சு அசலாக அல்ல. அக்கா தங்கை முகம்போல.

மேடைக் காட்சி முடிந்து திரை இருண்டுவிட்டது. நான் அந்த இணை ஓவியங்களின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இடமும் வலமுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் தாள் முடிந்திருக்கிறது. பக்கத்தில் இரண்டாவது. கை மறுபடியும் அதே சுழியிலிருந்து புறப்படுகிறது.