நாரை கொண்டுபோன செய்தி

பறவைகளையும் வயல்வெளிகளையும் பாடிய பழைய பாட்டுகள் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலாதிருப்பது ஏன்? ஓசை இன்பம் என்பார் சிலர். உவமை நயம் என்பார் வேறு சிலர். சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டைப் படித்த பின் எங்களுக்குத் தோன்றியது வேறு.

கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சுரத்தின் அருகில் இருக்கிறது சத்திமுற்றம். அவ்வூர்ப் புலவர் வறுமை தாளாமல் பரிசில் நாடி மதுரைக்குப் போனார். அங்கே வாடைக் காற்று. போர்த்திக்கொள்ள ஒரு துணி இல்லை. கைகளால் உடலைக் கட்டிக்கொண்டு முடங்கிக் கிடந்தவர், நாரையை அழைத்து, ஊரிலுள்ள மனைவியிடம் தம் நிலையைச் சொல்லும்படி வேண்டுகிறார். பறவையோடு பேசுவதா என்று நகைக்க வேண்டாம். புனித பிரான்சிஸ் அசிசியார் பறவைகளுக்குப் பிரசங்கமே செய்தவர் அல்லவா!

அத்தனை குளிரிலும் அவர் நாரையின் அலகை உற்றுப் பார்த்திருக்கிறார். நிறத்துக்குப் பவளம், வடிவத்துக்குப் பிளந்த பனங்கிழங்கு. பொங்கல் நாளில் பனங்கிழங்கு உரித்துத் தின்ற எங்களில் பலருக்கு அலகு உடனே கண்முன் வந்துவிட்டது. சென்னைத் தோழியருக்குத்தான் முதலில் கிழங்கை விளக்க வேண்டியிருந்தது!

நாரையும் அதன் பெடையும் குமரியில் நீராடி வடக்கே திரும்புவதாகவும் அவர் பாடுகிறார். வெண்ணிற உடலும் சிவந்த காலும் அலகும் கொண்ட செங்கால் நாரை நம் நாட்டில் கூடு கட்டுவதில்லை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில்தான் இந்தியாவுக்கு வருகிறது. பின் வடக்கே திரும்பிவிடுகிறது. பறவைகளின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி அவற்றின் பயணத்தை முறையாக ஆராயத் தொடங்கியது 1899இல், டென்மார்க்கில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் புலவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார். இன்று தமிழகத்தில் இந்த நாரையைக் காண்பது அரிது. எங்களில் ஒருவரும் கண்டதில்லை. பாட்டில்தான் கண்டோம்.

நாரையை இவ்வளவு சரியாகச் சொன்னவர் தம் குளிரையும் உள்ளபடியேதான் சொல்லியிருப்பார் என்று மனம் நம்பிவிடுகிறது. மழையில் நனைந்த சுவருள்ள கூரை வீட்டில், பல்லி நல்ல சொல் சொல்லாதா என்று காத்திருக்கும் அவர் மனைவியையும் நம்பிவிடுகிறோம். பாண்டியன் இப்பாட்டைக் கேட்டு அவர் வறுமையைப் போக்கினான் என்பது கதை. கதை எப்படியோ, விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு அந்த மனைவியை மறக்க முடியவில்லை.

எங்களில் சிலரின் தந்தையர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். தொலைபேசியில் எப்போது கேட்டாலும், "நல்லா இருக்கேன்மா, நீ படி" என்பதே பதில். புலவரின் நாரையோ துணியில்லை, குளிர்கிறது என்ற செய்தியையே கொண்டுபோனது. அந்த வாரம் ஒரு தோழி, "அப்பா, ராத்திரி குளிருக்குப் போர்வை இருக்கா?" என்று கேட்டாளாம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "ஒண்ணு வாங்கணும்மா" என்றாராம்.