பையில் இருந்த முகம்

பாசார் மாலாமில் 15 வெள்ளிக்கு ஒரு துணிப்பை வாங்கினேன். தலை நிறையப் பூ, இரண்டு புருவமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் முகம். விற்ற தம்பிக்கு அது யாரென்று தெரியவில்லை. "நல்லா ஓடுதுக்கா" என்றார்.

வீட்டில் மகள் பார்த்துவிட்டு, "மீசை இருக்கும்மா! இவங்கள எதுக்குப் பையில போட்டாங்க?" என்றாள்.

அவளுக்கு 13 வயது. முதுகெலும்பு வளைந்திருப்பதால் டாக்டர் பிரேஸ் போட்டிருக்கிறார். அது வெளியே தெரியக்கூடாது என்று, பினாஃபோர் வேண்டாம், தொளதொளப்பான பாஜு கூரோங்தான் வேண்டும் என அடம்பிடித்து வாங்கிக்கொண்டவள்.

"இவங்க ஃபிரிடா காலோ, மெக்சிகோ ஓவியர்" என்று ஆரம்பித்தேன். 1925-இல், 18 வயதில், அவர் போன பேருந்தும் டிராம் வண்டியும் மோதிக்கொண்டன. முதுகெலும்பு, இடுப்பு, கால் எல்லாம் உடைந்தன. படுத்தபடியே வரைய அவருடைய அம்மா ஒரு சட்டம் செய்து தர ஏற்பாடு செய்தார். கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடியும் மாட்டப்பட்டது. (எனக்கு அந்த அம்மாவைத்தான் அடிக்கடி நினைக்கத் தோன்றுகிறது.) கண்ணாடியில் தெரிந்த முகத்தையே வரைந்தார். அவருடைய ஓவியங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தன்னையே வரைந்துகொண்டவை. புருவத்தையும் மீசையையும் அவர் மறைக்கவில்லை.

வாழ்ந்த காலத்தில் பலருக்கு அவர் ஓவியர் டியேகோ ரிவேராவின் மனைவி, அவ்வளவுதான். சொந்த நாட்டில் தனிக் கண்காட்சி கிடைத்ததே 1953-இல். எழுந்திருக்க முடியாமல், கட்டிலில் படுத்தபடியே கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு, 47 வயதில் இறந்துபோனார். பெண்ணிய இயக்கத்தினர் அவரைத் தேடிக் கண்டெடுத்தது பிறகுதான். 1983-இல் ஹேடன் ஹெரேரா எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. 2002-இல் சல்மா ஹயேக் நடித்த படம். அப்புறம் பை, கோப்பை, சட்டை என்று எல்லாவற்றிலும் அவர் முகம். 2018-இல் வந்த பார்பி பொம்மையில் மட்டும் அந்தச் சேர்ந்த புருவத்தைக் காணோம். அதை எடுத்துவிட்டால் அது எப்படி ஃபிரிடா ஆகும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். ஃபிரிடாவின் முதுகைத் தாங்கிய பிளாஸ்டர் கவசம். அதன் மேலும் அவரே சித்திரம் வரைந்திருந்தார்.

"இதுலயுமா?" என்று வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

மறுநாளும் பாஜு கூரோங்தான். பை மட்டும் என் கைக்குத் திரும்பி வரவில்லை.