பழந்துணிக்கு ஒரு வேலை

பழைய துணியை என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் பாட்டி வீட்டில் எழுந்ததே இல்லை. வெளியே கட்டிப்போக லாயக்கில்லாத நூல் புடவை வீட்டுக்கட்டுக்கு வரும். அங்கும் நைந்துவிட்டால் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் போகும். சொந்தத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் வெளியே வந்து உத்தரத்தில் தூளியாகத் தொங்கும். மிச்சம் சதுரம் சதுரமாகக் கிழிபட்டுப் பிள்ளைத்துணி ஆகும். புதுத்துணியின் கஞ்சி குழந்தையை உறுத்தும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவைதான் அதற்கு இதம் என்பது பாட்டியின் கட்சி. அதன்பின் அடுப்படியில் கரித்துணி, கடைசியில் தரைத்துணி. தாத்தாவின் வேட்டிக்கு வேறு வழி: மொட்டை மாடியில் வடாம் பிழிய ஒரு பாதி, இட்லித் தட்டுக்கு ஒரு பாதி, கிழிந்த ஓரமெல்லாம் விளக்குத் திரி.

பிள்ளைகளின் உடுப்புக்கு இன்னும் கணக்கு உண்டு. பாவாடையின் அடியில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். பெண் உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் மட்டும் சாயம் வெளுக்காமல் பட்டையாகத் தெரியும்; அதை வைத்தே அவள் எத்தனை தீபாவளியாக அந்தப் பாவாடையைக் கட்டுகிறாள் என்று சொல்லிவிடலாம். காலர் தேய்ந்த சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்தால் காலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பி வைத்துத் தருவார். பட்டுப்புடவை இற்றுப்போனால் பேத்திக்குப் பாவாடை. அதற்கும் ஆகாதென்றால் ஜரிகைக்காக எடைபோட்டு வாங்க ஆள் வரும். எஞ்சியதெல்லாம் எவர்சில்வர் கூடையோடு தெருவில் வரும் பாத்திரக்கார அம்மாவுக்கு. ஒரு தூக்குச்சட்டிக்கு நாலு பேண்ட் என்று பேச்சு தொடங்கும். “கூட ஒரு சேலை போடுங்கம்மா, கட்டுப்படியாகலை” என்பதில் போய் நிற்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர்கள் சிக்கனக்காரர்கள், நாம் ஊதாரிகள் என்று முடித்துக்கொள்வது சுலபம். அது பாதி உண்மைதான். துணியே மாறிவிட்டது என்பது மறுபாதி. பருத்தி தண்ணீரைக் குடிக்கும்; பாலியஸ்டர் குடிக்காது. அதனால் தரையைத் துடைத்தால் ஈரம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும், அவ்வளவுதான். சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிக்கையில் அடுப்புத் தீ பட்டால் உருகி விரலில் ஒட்டிக்கொள்ளும். திரியாகத் திரித்தால் எரிவதற்குப் பதில் சுருங்கிச் சொட்டும். தூளி கட்டினால் குழந்தைக்குப் புழுங்கும். போதாததற்கு, அது சுலபத்தில் கிழிவதும் இல்லை. நமக்குத்தான் அலுத்துப்போகிறது. கிழியாத துணியும் அலுத்துப்போன மனசுமாக அலமாரி நிரம்பி வழிகிறது.

வழிந்ததை நாம் இரண்டு வழிகளில் தீர்க்கிறோம். ஒன்று போகி. பருத்தியும் பாயும் எரிந்த தெருவில் இன்று பாலியஸ்டரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின.

இன்னொன்று தானம். புண்ணியம் என்று நினைப்பதால் இதை நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நாலா திசையிலிருந்தும் லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மக்கள்கூட அதைத் தொடவில்லை. பொத்தான் இல்லாத சட்டையும் அழுக்குப் படிந்த உள்ளாடையும் யாருடைய துயரத்தைத் துடைக்கும்? நம் வீட்டுக் குப்பையை அவர்கள் ஊருக்கு அனுப்பியிருந்தோம்.

துணியை மரியாதையோடு கொடுக்கவும் முடியும். 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு அதைச் செய்துகாட்டியது. கிராமத்து மக்கள் கூடிக் கிணறு தூர்வாருகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி கிடைக்கிறது. வாங்குகிறவர் யாரிடமும் கையேந்தவில்லை. உடுத்த முடியாத பருத்தித்துணியைச் சுத்தம் செய்து மாதவிலக்குக்கான துணிப்பட்டைகளாகத் தைக்கிறார்கள். இந்தப் பணிக்காக குப்தாவுக்கு 2015-இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

பழந்துணியும் கழிவுத்துணியும் ஆலைகளுக்கும் வேண்டும். திருப்பூரில் பனியன் கட்டிங் வேஸ்ட் என்பது தனி வியாபாரம். வெட்டி விழுந்த துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடி நூற்கிறார்கள். நிறம் பிரித்தே நூற்பதால் சாயம் போடும் வேலை குறைகிறது. ஆனால் கிழிபட்ட இழை நீளம் குறைந்துவிடும்; அதில் மெல்லிய நூல் வராது. தடித்த நூலாகிப் போர்வைக்கும் கையுறைக்கும் மாப்புக்கும் போகிறது. புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலையில் பருத்திக் கந்தல் கூழாகி எழுதும் தாளாகிறது. அரியானாவின் பானிப்பட்டில் வெளிநாட்டுக் கம்பளிக் கோட்டுகள் கிழிபட்டு மலிவுவிலைப் போர்வைகளாக மாறுகின்றன. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் நிவாரணமாகப் போகிற போர்வைகளில் பல அங்கிருந்து வந்தவை.

எந்த ஊராக இருந்தாலும் முதல் வேலை பிரிப்பதுதான். பொத்தானும் ஜிப்பும் நீக்க வேண்டும், நிறம் பிரிக்க வேண்டும், பருத்தியைத் தனியே எடுக்க வேண்டும். ஒரே நூலில் பருத்தியும் பாலியஸ்டரும் எலாஸ்டிக்கும் பின்னிப்போட்ட துணியை அப்படிப் பிரிக்க முடிவதில்லை. அங்கேதான் மறுசுழற்சி திணறுகிறது.

ஆகவே பழந்துணியின் கதி, அது புதுத்துணியாகக் கடையில் மடித்திருக்கும்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது. விலைச்சீட்டைப் பார்ப்பதுபோல உள்ளே தைத்திருக்கும் இழைச்சீட்டையும் பாருங்கள். முழுப் பருத்தி என்றால் அது கடைசிவரை ஏதாவது வேலை செய்யும். மீதிப் பாதி நம் வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டும். துவைத்து, பொத்தான் தைத்து, நம் தங்கை பிள்ளைக்குக் கூசாமல் கொடுப்போமா என்று கேட்டுக்கொண்டு, ஆம் என்றால் மட்டும் கொடுங்கள். மற்றதைப் பிடிதுணியாகவும் கால்மிதியாகவும் பையாகவும் வீட்டிலேயே வேலை வாங்குங்கள். எதற்கும் ஆகாததைத் தனி மூட்டையாகக் கட்டி, குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரிடம் உலர்குப்பை என்று சொல்லிக் கொடுங்கள். போகித் தீயில் மட்டும் போடாதீர்கள்.