நினைவட்டை வாங்கியது

ஒரு பொருளின் விலையை அறிதல் எளிது. தமக்கு வேண்டுவது எவ்வளவு என அறிதலே அரிது. இவ்வுண்மையை யாம் விரல் நகத்தளவினதாகிய ஒரு சிறு பொருளால் கற்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் ஆச்சியார் பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டுமாகிய 19 பாட்டுக்களை எமது கைப்பேசியிற் பதிந்து வைத்தோம். அவை எந்நூலினும் ஏறாதவை. கல்லூரி விழாவின் அசைபடங்களால் கைப்பேசியில் இடம் நிரம்பிவிடவே, மெமரி கார்டு என வழங்கும் நினைவட்டை ஒன்று வாங்கத் துணிந்தோம். கடையிலே பெயர்பெற்ற நிறுவனத்தாரது 32 ஜி.பி. அட்டையும், பெயரறியாத 512 ஜி.பி. அட்டையும் ஏறத்தாழ ஒரே விலைக்கு இருந்தன. பதினாறு மடங்கு இடம் அவ்விலைக்கு எங்ஙனம் கிடைக்கும் என ஐயுற வேண்டிய யாம், பேறு பெற்றோம் எனக் களித்தோம். விழாப் படங்களை முதலிலும், பாட்டுக்களை இறுதியிலும் அதன்கண் ஏற்றிய பின்னர், கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டோம்.

சின்னாள் கழித்துத் திறந்து நோக்கியபோது, விழாப் படங்கள் பழுதின்றி இருந்தன. பாட்டுக்களோ பெயரளவில் நின்றன. அவற்றுள் ஒன்றேனும் ஒலித்திலது.

நிகழ்ந்தது இதுவே. நினைவட்டையினுள் அதனை ஆளும் சில்லு ஒன்று உண்டு. அது கூறும் கொள்ளளவையே கைப்பேசி நம்பும். போலி செய்வோர் அச்சில்லைப் பொய் கூறுமாறு அமைத்து விடுவர். எம் அட்டையில் உண்மையாக இருந்த இடம் 8 ஜி.பி. மட்டுமே. அது நிரம்பிய பின் ஏற்றியவை எங்கும் தங்கவில்லை. பெயர்ப்பட்டியல் அட்டையின் முற்பகுதியிற் பதிந்தமையின் அது மட்டும் எஞ்சிற்று. செல்லரித்த ஏடு தன் துளைகளையேனும் காட்டும். இதுவோ நிறைந்த ஏடு போலவே தோன்றிற்று!

பின்னரே கணக்கிட்டோம். நொடிக்கு 128 கிலோபிட் அளவிற் பதிந்த ஒலி, ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 58 எம்.பி. இடமே கொள்ளும். ஆகவே 32 ஜி.பி. அட்டையில் 500 மணி நேரத்திற்கு மேற்பட்ட பாட்டு அடங்கும். விழாப் படங்களையும் கூட்டிப் பார்ப்பினும் அதுவே எமக்குப் போதியது. எம்மைக் கெடுத்தது வறுமையன்று. வேண்டாத பெருமையை விழைந்த ஆசையே.

ஆதலின், அட்டை வாங்கப் புகும் நண்பர்கள் தம் கருவி எவ்வளவினை ஏற்கும் என முதற்கண் அறிக. எஸ்.டி.எச்.சி. எனக் குறித்தவை 32 ஜி.பி. வரையும், எஸ்.டி.எக்ஸ்.சி. என்பவை அதற்கு மேல் 2 டி.பி. வரையும் உள்ளன. வளைகோட்டினுள் 10 என்னும் எண் இருப்பின், அவ்வட்டை நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும் என்பது பொருள். ஒலிப்பதிவிற்கு அது மிகையே. வாங்கியவுடன் எஃப்3 போன்ற விலையில்லா மென்பொருளால் அட்டை முழுவதையும் நிரப்பிப் படித்துச் சோதிக்க. சோதித்த பின்னரும், அரிய பொருளை ஓரிடத்து மட்டும் வையற்க.

யாம் மீண்டும் ஆச்சியாரிடம் சென்றோம். அவர் 11 பாட்டுக்களைப் பாடினார். ஏனையவற்றின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, "மறந்து போச்சு, ஐயா" என்று நகைத்தார். பாடியவற்றை 32 ஜி.பி. அட்டையிலும், கையால் எழுதிய குறிப்பேட்டிலும் காத்து வருகின்றோம். எஞ்சிய 8 பாட்டுக்களின் பெயர்கள் மட்டும் அப்பழைய அட்டையில் இன்னும் உள்ளன.