திரும்பி வரும் தேதி

தமிழில் ‘பட்டி’ என்றால் ஆடுமாடுகளை அடைக்கும் இடம். மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய். இரு மொழியும் புழங்கும் பொழியூரில் ஒரு சிறிய நாய் போர்டிங் திறக்க எண்ணுபவர், பெயர்ப்பலகை எழுதும் முன்பே இந்தச் சொல்லில் சற்று நின்றுவிடுவார். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், குளத்தூர் பஞ்சாயத்தில் அடங்கிய கடலோர ஊர் அது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோட்டுக்கு அப்பால் கொல்லங்கோடு, இப்பால் பொழியூர். பலகையில் எந்த மொழி முதலில் வர வேண்டும் என்பது அங்கே எளிய கேள்வி அன்று. ஆயினும் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: எத்தனை நாய்கள்?

முன்பு இத்தகைய இடத்துக்குத் தேவையே இருந்ததில்லை. வீட்டுக்காரர் வெளியூர் போனால் அடுத்த வீட்டார் சிரட்டையிலோ சட்டியிலோ மிச்சக் கஞ்சியை ஊற்றிவிட்டுப் போவார்கள். நாய் பாதி வீட்டுக்கும் பாதித் தெருவுக்கும் உரியதாக இருந்தது. இன்று மதில் கட்டிய வீடுகளில் லாப்ரடாரும் ராட்வைலரும் வளர்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவில், வீட்டில் இருப்பவர்கள் முதியவர்கள். அவர்களுக்குத் திருவனந்தபுரத்து மருத்துவமனையில் பத்து நாள் படுக்க வேண்டி வந்தால், நாயை யாரிடம் விடுவது? அடுத்த வீட்டார் அந்த நாயைப் பார்த்து அஞ்சுகிறார்கள். தெருவோ அந்த நாய்க்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான், கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகையும் நாயிடம் பிரியமும் உள்ள ஒருவருக்கு இத்தொழிலைத் தொடங்கும் எண்ணம் பிறக்கிறது.

பிரியம் எண்ணிக்கையை மறக்கச் செய்யும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள்ளன. மேரி டீல்பி என்ற பெண்மணி 1860-இல் லண்டனின் ஹாலோவே பகுதியில் தொலைந்துபோன, பட்டினி கிடந்த நாய்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே ‘தற்காலிக இல்லம்’ என்ற சொற்கள் இருந்தன. 1871-இல் பாட்டர்சீக்கு இடம்பெயர்ந்த அந்தத் தற்காலிக இல்லம் இன்றும் அங்கே இயங்குகிறது. சென்னையில் விமானி கேப்டன் வி. சுந்தரமும், இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளுள் ஒருவரான அவருடைய மனைவி உஷா சுந்தரமும், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தம் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். 1959-இல் ஒரு குடும்பத்தின் வீட்டில் தொடங்கிய அந்தப் பணியே புளூ கிராஸ் அமைப்பாயிற்று. 1964-இல் அது பதிவு பெற்றது. அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணாவும் மற்றவர்களும், தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாக, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திரும்ப விடும் முறையை முன்வைத்தார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வீடு பெரிதானதில் குறை காண ஒன்றுமில்லை. வந்த குட்டிகளுக்குத் திரும்பிச் செல்ல வேறு வீடு இருக்கவில்லை. காப்பகம் என்பதன் பொருளே அதுதான்: யாருமற்றதற்கு ஒருவர். போர்டிங் அப்படிப்பட்டதன்று. அங்கே வரும் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு உண்டு, ஒரு பெயர் உண்டு, திரும்பி அழைத்துச் செல்லும் தேதி ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர் சில மாதங்களில் இரண்டையுமே இழப்பார். கட்டணம் கொடுத்தவரின் நாய்க்குக் கவனம் குறையும். கேட்பாரற்ற நாய்க்கும் முழு வாழ்வு கிடைக்காது.

எனவே எண்ணிக்கையை மனத்தின் அளவால் அல்லாமல் கையின் அளவால் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை அறைகளைக் கழுவ முடியும், எத்தனை நாய்களைத் தனித்தனியே நடத்திச் செல்ல முடியும், நள்ளிரவில் ஒன்று வாந்தியெடுத்தால் மற்றவற்றை விட்டு அதனோடு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? தனியொருவருக்கு நான்கு என்பதே நிறைந்த எண்ணிக்கை. ஐந்தாவது நாயை மறுக்கும்போது நோகும். ஆனால் அந்த மறுப்பே முதல் நான்கு நாய்களுக்கும் அவர் தரும் காவல்.

சட்டமும் இதைத் தனிமனித விருப்பமாக விட்டுவிடவில்லை. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் வந்த 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், ‘வளர்ப்பாளர்’ என்ற வரையறைக்குள் போர்டிங் நடத்துபவரையும் சேர்த்திருக்கின்றன. மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெறுவதை அவை கட்டாயமாக்குகின்றன. கேரளத்தில் பன்றிகளுக்கும் நாய்களுக்கும் பஞ்சாயத்து உரிமம் வழங்குவதற்கென 1998-ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. ‘வீட்டில் நாலு நாயைப் பார்த்துக்கொள்கிறேன், இதற்கென்ன காகிதம்?’ என்று கேட்பவர், ஒரு நாய் ஒருவரைக் கடித்த மறுநாள் அக்காகிதத்தின் பொருளை அறிவார்.

மண்ணையும் அறிய வேண்டும். பொழியூரின் தரை கடற்கரை மணல். சிறுநீரையும் மழைநீரையும் அது உடனே உறிஞ்சிக்கொள்வதால் தூய்மையாகத் தோன்றும். ஆனால் நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமணலில்தான் செழிக்கும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள் புகுந்து ஊரும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வீடுகளில் ஊற்றும் பினாயில் அதை ஒழிக்காது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீர் ஒழிக்கும். ஆனால் மணலை அப்படிக் கழுவ இயலாது. ஆகவே அறைகளுக்குச் சிமெண்டுத் தரை வேண்டும்; மலத்தை அவ்வப்போது அள்ள வேண்டும்; தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நனைக்கும் அவ்வூரில் உலர்ந்த இடம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை வாசலிலேயே மறுக்க வேண்டும். நேற்றுப் போட்ட முதல் ஊசியும் போதாது. உடலில் காப்பு உருவாக இரண்டு மூன்று வாரமேனும் ஆகும். நடத்துபவரும் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பின்னும் கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும்.

இவை யாவும் வேலிக்குள் இருக்கும் கவலைகள். வேலிக்கு வெளியே மனிதர்களின் அச்சம் இருக்கிறது. பொழியூருக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள புல்லுவிளையில் 2016 ஆகஸ்டில் 65 வயதுப் பெண்மணி ஒருவரைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. நாய்க்கடிக்கு ஆளான கேரள மக்களின் இழப்பீட்டு மனுக்களை ஆராய உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரி ஜகன் தலைமையில் குழு அமைத்ததும் அதே ஆண்டில்தான். அந்தக் கடற்கரையில் நாய்களுக்கென ஓர் இடம் திறப்பவரைப் பார்த்து, ‘இங்கே இதுதான் குறைச்சலா?’ என்று அண்டை வீட்டார் கேட்டால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வளர்ப்பு நாய் வேறு, தெருநாய் வேறு என்ற விளக்கம், விடியுமுன் கடற்கரைக்குத் தனியே நடப்பவரின் அச்சத்தைத் தீர்க்காது. உயர்ந்த வேலி, இரட்டைக் கதவு, இரவில் குரைப்பொலி அடங்கிய கொட்டகை, தெருவில் எறியப்படாத மிச்ச உணவு ஆகியவையே தக்க விடைகள். திறப்பதற்கு முன் பக்கத்து வீடுகளுக்குச் சென்று, ‘அம்மா, நாலு நாய்தான், ஒன்றும் வெளியே வராது. வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லி எண்ணைக் கொடுத்து வருவது உரிமத்துக்கு நிகரான கடமை.

எல்லாம் அமைந்த பிறகும் ஒன்று எஞ்சுகிறது. சிலர் திரும்பி வரமாட்டார்கள். நோய்கண்ட நாயை, முதுமையடைந்த நாயை, பிள்ளை பிறந்த வீட்டுக்கு வேண்டாததாகிவிட்ட நாயை ஒரு வாரத்துக்கு என்று விட்டுவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. எனவே சேர்க்கைத் தாளில் நாயின் இனத்துக்கும் வயதுக்கும் முன்பாக எழுதப்பட வேண்டியது திரும்பி வரும் தேதி. அதன் கீழே, அன்று வர இயலாவிட்டால் வந்து அழைத்துச் செல்லும் இரண்டாமவரின் பெயரும் கையொப்பமும். முதியவர்கள் மட்டும் உள்ள வீடுகளுக்கு இது இன்னும் முதன்மையானது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பாமல் போவதும் நடக்கும். அக்கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. கேட்டே ஆக வேண்டும்.

முதல் இரவில் எந்த நாயும் சரியாக உண்பதில்லை. வீட்டிலிருந்து வந்த பழைய போர்வையை முகர்ந்தபடி கதவையே பார்த்துக் கிடக்கும். கொல்லங்கோட்டு நாய்க்கு ‘உட்கார்’ புரியலாம், பாறசாலை நாய்க்கு ‘இரிக்கு’ புரியலாம்; ‘வா’ என்ற சொல் மட்டும் இரண்டுக்கும் பொது. பத்தாம் நாள் வாசலில் பழகிய குரல் கேட்டதும், பத்து நாளும் சோறு வைத்தவரைத் திரும்பியும் பாராமல் அது ஓடும். அந்த ஓட்டத்தைக் கண்டு வருந்துபவருக்கு இத்தொழில் ஏற்றதன்று. தாளில் எழுதிய தேதி பொய்க்கவில்லை என்று மகிழ்பவர், அறையைக் கழுவி, தரை உலரும் வரை அடுத்த நாயை ஏற்காமல் காத்திருப்பார்.