குமாரலிங்கபுரத்தில் டவர் கிடைக்குமா?

எனக்கு ஒரு வியாதி உண்டு. புது போன் எது வந்தாலும் கடைக்குப் போய்த் தடவிப் பார்க்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் தூக்கிக் காட்டியபோது நான் பி.காம். மாணவன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத கவலையைவிட, பட்டனே இல்லாமல் எப்படி டயல் பண்ணுவார்கள் என்ற கவலைதான் பெரிசாக இருந்தது. 2010-ல் ஐபேட், 2011-ல் மாணவர்களுக்கென்று டெல்லியில் வெளியிட்ட ஆகாஷ் டேப்லட்... எல்லாவற்றையும் பேப்பரில் படித்துப் பெருமூச்சு விட்டவன். இப்போது வேலையில் இருக்கிறேன். பெருமூச்சுக்குப் பதில் தவணை கட்டுகிறேன்.

2023 மார்ச்சில் இ.குமாரலிங்கபுரம் என்ற பேர் பேப்பரில் அடிபட்டது. விருதுநகர் மாவட்டத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று செய்தி. "மாப்ளே, அது எங்க பெரியம்மா ஊருய்யா!" என்றான் ஆபீஸ் நண்பன். மே மாதம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம். பூங்கா வருவதற்கு முன்னால் ஊரைப் படம் பிடித்து வைக்கலாமே என்று புது போன், புது டேப்லட் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் போகப் போக மண் கறுத்துக்கொண்டே வருகிறது. கரிசல். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். மே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வானத்தை நம்பிப் பருத்தியும் சோளமும் மல்லியும் போடுகிற சீமை. கண்ணுக்கு எட்டியவரை வேலிக்கருவை, நடுநடுவே பனை.

டேப்லட்டை எடுத்து வீடியோ பிடித்தேன். ஏழாவது நிமிடம், 'சூடு அதிகம், ஆறட்டும்' என்று காட்டிவிட்டு அணைந்தது. 35 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதன் குறிப்புத் தாளில் போட்டிருக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படித் தாள் எதுவும் கிடையாது. வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள்.

கண்மாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள். பொறுப்பாளர் அக்காவிடம் ஒரு போன். மூலையில் கண்ணாடி விரிசல், இடுப்பில் ரப்பர் பேண்ட். வேப்பமர நிழலில் ஈரத் துண்டை மடித்து அதன்மேல் படுக்க வைத்திருந்தார்.

"என்னக்கா, போனுக்குக் காய்ச்சலா?"

"சூடாச்சுன்னா நின்னு போகுது தம்பி. அப்புறம் இம்புட்டுப் பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

விஷயம் இதுதான். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த வேலைத் தளங்களில் செல்போன் செயலியில்தான் வருகைப் பதிவு. நாளைக்கு இரண்டு படம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எடுத்தது என்பதும் கூடவே பதிவாகும். படம் போய்ச் சேர்ந்தால்தான் ஆள் வந்ததற்குச் சாட்சி.

இரண்டாவது படத்துக்கு நேரமாயிற்று. வரிசை நின்றது. "அப்பத்தா, முக்காட்டை எடு, மூஞ்சி தெரியணும்!" கிளிக். அக்கா கரைமேல் ஏறினார்.

"படம் எங்கிட்டு நின்னாலும் எடுத்துரலாம் தம்பி. ஏத்துறதுக்குத்தான் டவர் வேணும்."

விடுவேனா? "இந்தாங்கக்கா, என் போன்லேர்ந்து நெட் தர்றேன். ஃபைவ் ஜி!" என்று கம்பீரமாக எடுத்தேன். 'சேவை இல்லை' என்றது அது.

அப்பத்தா எட்டிப் பார்த்தார். "என்ன விலைப்பா?"

சொன்னேன்.

"அம்புட்டுக் காசும் டார்ச்சு லைட்டுக்கா?"

கரையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அக்காவின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கி எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? அந்த வருஷம் தமிழ்நாட்டில் நாள் கூலி 294 ரூபாய். நாற்பது பேருக்கு 11,760 ரூபாய். அத்தனையும் அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ராக்கெட் ஏவுவதை டி.வி.யில் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

"ஏறிருச்சு!"

மண்வெட்டிகள் தோளுக்கு ஏறின. அப்பத்தா மட்டும் நின்று, "நான் நல்லா விழுந்திருக்கேனா தாயி?" என்று கேட்டு, படத்தைப் பார்த்துத் திருப்தியோடு போனார்.

எத்தனையோ பேருக்குப் போன் வாங்க யோசனை சொல்லியிருக்கிறேன். கேமரா, ராம், பேட்டரி என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். 'இதை நம்பினால் இன்றைய கூலி வருமா?' என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

ஊர் திரும்பியதும், வியாதி விடவில்லை, கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் உற்சாகமாக, "சார், இதுல கேமராவைப் பாருங்க..." என்று ஆரம்பித்தான்.

"அது கிடக்கட்டும் தம்பி. கரைமேல ஏறாம டவர் எடுக்குமா?"

"எந்தக் கரை சார்?"

"கண்மாய்க் கரை."

பையன் மேனேஜரைக் கூப்பிடப் போனான்.