நாற்காலியில் பறந்து பழகுங்கள்

பிளானோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் விசிட்டா ஃபால்ஸ் வரும். அங்குள்ள ஷெப்பர்ட் விமானப்படைத் தளத்தில் 1981 முதல் நேட்டோ நாடுகளின் மாணவர்கள் சேர்ந்து போர் விமானம் ஓட்டக் கற்கிறார்கள். முதலில் டி-6, பிறகு ஒலியை விட வேகமாகப் பறக்கும் டி-38.

நம் தமிழ் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அங்கே சேர ஆசை. "எனக்கு எல்லாத்துலயும் ஏ கிரேடுதான் அங்கிள். அங்கேயும் வாங்கிடலாம்ல?" என்று கேட்டாள். நான் விமானி இல்லை, ஐ.டி. வேலை பார்ப்பவன். அவளுக்காகத் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

மனப்பாடம் என்றாலே நமக்கு இளக்காரம். ஆனால் விமானப் பயிற்சியில் 'போல்டுஃபேஸ்' எனப்படும் அவசர நடவடிக்கைகளை ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்ட வேண்டும். வானத்தில் இன்ஜின் நின்றால் புத்தகத்தைப் புரட்ட நேரம் ஏது? அவளுடைய அம்மாவின் பயமும் அதுதான். அந்த மார்க் பத்திரமாகத் தரையிறங்குவதற்கான மார்க் என்று அவரிடம் சொன்னேன்.

வாய்க்குத் தெரிந்தது கைக்கும் தெரிய வேண்டும். அதனால் மாணவர்கள் இரவில் நாற்காலியில் உட்கார்ந்து, காக்பிட் படத்தை எதிரே வைத்து, மறுநாள் ஓட்டப்போவதை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிச் சொல்லிச் செய்து பார்க்கிறார்கள். இதற்கு 'சேர் ஃப்ளையிங்' என்று பெயர். காசு செலவே இல்லை.

ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் கிரேடு உண்டு. எங்கே பிசகியது என்று பயிற்றுநர் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஏ மட்டுமே வாங்கிப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். முகம் சுண்டாமல் குறித்துக்கொண்டு, அன்றிரவே அந்த இடத்தை மறுபடி பழக வேண்டும்.

யாருக்கு எந்த விமானம் என்பதில் ரேங்குக்கும் பங்கு உண்டு. அதற்காக நோட்ஸை ஒளிக்காதீர்கள். நாளை சில அடி தள்ளி இறக்கையோடு இறக்கையாகப் பறக்கப் போவது அந்த நண்பர்தான். அவருக்குத் தெரியாதது உங்களுக்கும் ஆபத்து.

1982இல் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், இந்திய விமானப்படை அகாடமியில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் கௌரவ வாளும் பெற்றவர். 2003இல் போர் விமானி ஆனார். பிறகு பயிற்றுநர், சோதனை விமானி. அதற்குப் பின்னும் ககன்யான் விண்வெளித் திட்டத்துக்காக ரஷ்யாவில் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர்.

பைலட் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ, அங்கே திறந்து படியுங்கள்.